பிறப்பில் பட்ட அடியா, பிறந்தபின் கசிவா? குறைமாதக் குழந்தைகளின் மூளை அறை ரத்தக்கசிவு: ஒரு கருத்து வரலாறு

மனித மூளைக்குள் ஒன்றோடொன்று இணைந்த 4 அறைகள் இருக்கின்றன. வலமும் இடமுமாக இரண்டு பெரிய அறைகள், நடுவில் குறுகிய மூன்றாவது அறை, மூளைத்தண்டுக்குப் பின்னால் நான்காவது அறை. தெளிந்த நீர் ஒன்று இவற்றுள் சுரந்து, ஓடி, வெளியேறி, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கிறது. பழைய ஐரோப்பிய மருத்துவம் இந்த அறைகளை மனத்தின் இருப்பிடமாகவே கொண்டிருந்தது. முன் அறையில் புலனறிவு, நடு அறையில் பகுத்தறிவு, பின் அறையில் நினைவு என்று இடம் பிரித்தும் வைத்திருந்தது. லியோனார்டோ டா வின்சி எருதின் மூளைக்குள் உருக்கிய மெழுகை ஊற்றி அறைகளின் வடிவத்தை வார்த்தெடுத்தார். 1543இல் வெசாலியஸ், விலங்குகளுக்கும் இதே அறைகள் இருப்பதைக் காட்டி அந்தக் கோட்பாட்டை அசைத்தார். அதன்பின் மருத்துவர்களுக்கு இவை நீர் தங்கும் இடங்கள், அவ்வளவே. அந்த நீரில் ரத்தம் கலந்தால் என்ன ஆகும், அது எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்ற கேள்விகள் அதற்கும் வெகுகாலம் கழித்தே எழுந்தன.

இந்த மூன்றில் ‘எப்போது’ என்ற கேள்வியையே இக்கட்டுரை முதன்மையாகப் பின்தொடர்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மூளை அறைக்குள் ரத்தம் கசிவது பிறக்கும் நேரத்து வன்முறையின் விளைவு என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. 1970களின் இறுதியில் இந்த நம்பிக்கை உடைந்தது. பெரும்பாலான கசிவுகள் பிறந்த முதல் 3 நாட்களில் நிகழ்கின்றன என்று தெரிந்தது. காலம் பற்றிய இந்தத் திருத்தம், இத்துறையில் வந்த எந்த மருந்தைவிடவும் அதிகம் செய்தது என்பது என் துணிபு. ஏனென்றால் பிரசவ அறையில் முடிந்துபோன விபத்தாகக் கருதப்பட்ட ஒன்றை, வார்டில் கைவைத்துத் தடுக்கக்கூடிய நிகழ்வாக அது மாற்றியது.

பிணக்கூறாய்வு மேசையின் சாட்சியம்

திடீரென விழுந்து நினைவிழப்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் திறந்து பார்த்துச் சொன்னவர்களில் சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் யோஹான் யாகோப் வெப்ஃபர் முக்கியமானவர். 1658இல் வெளியான அவரது நூல், இத்தகைய வீழ்ச்சிக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு ஒரு காரணம் என்று பிணக்கூறாய்வு வழியே நிறுவியது. 1761இல் பதுவா நகரின் மோர்கானி, நோயாளி உயிரோடிருந்தபோது கண்ட குறிகளையும் இறந்தபின் உறுப்பில் கண்ட சிதைவையும் அடுத்தடுத்து வைத்து எழுதும் முறையைப் பெருநூலாகவே நிலைநாட்டினார். 1881இல் எட்வர்ட் சாண்டர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், மூளைத்திசுவில் தொடங்காமல் நேரடியாக அறைகளுக்குள்ளேயே ரத்தம் பெருகிய 94 பேரின் விவரங்களைத் திரட்டி வெளியிட்டார். மூளை அறை ரத்தக்கசிவு தனி நோயாக எண்ணப்படுவதற்கு அந்தத் தொகுப்பு அடித்தளம். அதே ஆண்டில் கார்ல் வெர்னிக்கே, கிருமி நீக்கிய முறையில் மூளை அறையைத் துளைத்து நீரை வெளியே வடித்தார்.

இவை பெரும்பாலும் பெரியவர்களின் கதைகள். பெரியவர்களுக்குக் காரணங்கள் ஓரளவு தெளிவானவை. கவனிக்கப்படாத ரத்தக்கொதிப்பால் மூளையின் ஆழத்தில் ஒரு குழாய் வெடித்து, அந்த ரத்தம் அருகிலுள்ள அறைக்குள் உடைத்துக்கொண்டு போவதே மிகுதி. தமனிச் சுவரின் வீக்கம் வெடித்தல், தமனியும் சிரையும் பிறவியிலேயே பின்னிக்கிடக்கும் முடிச்சு, ரத்தம் உறையாமை, தலைக்காயம் ஆகியவை மற்றவை. குழந்தையின் கதை வேறு வழியில் போனது.

1861இல் லண்டன் மகப்பேறு மருத்துவர் சங்கத்தின் முன் எலும்பியல் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் ஓர் ஆய்வைப் படித்தார். கடினமான பிரசவம், குறைமாதப் பிறப்பு, பிறந்தவுடன் மூச்சுத் திணறல் ஆகியவை பிற்காலத்தில் கைகால் விறைப்புக்கும் அறிவு வளர்ச்சிக் குறைவுக்கும் காரணமாகின்றன என்பது அவர் வாதம். அந்த விறைப்பு நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது. லிட்டில் குறைமாதத்தையும் சேர்த்தே சொல்லியிருந்தார். பின்வந்தவர்கள் ‘கடினமான பிரசவம்’ என்ற பகுதியை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டார்கள். 1897இல், அப்போது நரம்பியலராக இருந்த சிக்மண்ட் ஃப்ராய்ட், குழந்தைகளின் மூளை வாதம் பற்றிய தன் நூலில் இதை மறுத்தார். பிரசவம் கடினமானதே, கருவில் ஏற்கெனவே இருந்த கோளாறின் வெளிப்பாடாக இருக்கலாமே என்று கேட்டார். அந்தக் கேள்வி அன்று எடுபடவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்குபேட்டர்கள் பெருகின. முன்பு ஓரிரு நாட்களில் கண்மூடிய குறைமாதக் குழந்தைகள் சில வாரம் உயிரோடிருந்தார்கள். அவர்கள் இறந்தபின் கூறாய்வு செய்து எழுதிய மருத்துவர்களும் பெருகினார்கள். பின்லாந்தில் பிறந்து பெர்லினில் பணியாற்றிய ஆர்வோ இல்ப்போ 1919இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் குழந்தைகளின் தலைக்குள் ரத்தக்கசிவு எவ்வளவு சாதாரணம் என்பதைக் காட்டியது. 1920களில் ஃப்ராங்க்ஃபர்ட் நோய்க்குறியியலர் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். பனிக்குடம் உடைந்தபின், வெளியே வரும் தலையின் மேல் வெறும் காற்றழுத்தம். உள்ளே இருக்கும் உடலின் மேல் சுருங்கும் கருப்பையின் மிகையழுத்தம். இந்த வேறுபாட்டால் தலையை நோக்கி ரத்தம் இழுக்கப்பட்டு, அறையின் சுவரோரம் ஓடும் சிரை விம்மி வெடிக்கிறது என்றார் அவர். 1933இல் நாஜி ஆட்சி அவரை நாட்டை விட்டு ஓடவைத்தது. சூரிச்சில் இருந்துகொண்டு, பதவி பறிக்கப்பட்ட ஜெர்மானியப் பேராசிரியர்களுக்காக ஓர் உதவி அமைப்பை உருவாக்கி, பலருக்கு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். தானும் அங்கே கற்பித்தார். மனிதராக அவர் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவருடைய பிறப்புக் காயக் கோட்பாடு மட்டும் தீங்கு செய்தது.

என்ன தீங்கு? குழந்தைக்கு ஏதும் நேர்ந்தால் வீட்டிலும் ஊரிலும் முதலில் விசாரிக்கப்படுபவள் தாய், அடுத்து மருத்துவச்சி. முக்காதவள், தவறாக முக்கியவள், அவசரப்பட்டு இழுத்தவள் என்ற பேச்சுக்கு அறிவியலின் முத்திரை கிடைத்தது. பிரசவத்தில் தலையில் அடிபட்டுவிட்டது என்ற சொல் நம் வீடுகளிலும் இன்றும் காதில் விழுகிறது. இந்தக் கோட்பாட்டுக்கு அடிப்படையில் ஒரு குறை இருந்தது. மேசைக்கு வந்தவை இறந்த குழந்தைகளின் மூளைகள் மட்டுமே. அறை நிறைய உறைந்த ரத்தத்தைப் பார்த்து அது எந்த மணி நேரத்தில் கசியத் தொடங்கியது என்று சொல்வது அரிது. பிழைத்துக்கொண்ட குழந்தைகளின் மூளைகளோ எவர் கண்ணிலும் படவில்லை.

ஒரு தற்காலிகத் திசு

கருவில் வளரும் மூளையில், பக்க அறைகளின் சுவரை ஒட்டி ஜெர்மினல் மேட்ரிக்ஸ் எனப்படும் முளைத்திசு இருக்கிறது. மூளையின் நரம்பணுக்களில் பலவும் அவற்றைத் தாங்கும் துணையணுக்களும் இங்கே பிறந்து, தமக்குரிய இடத்துக்கு நகர்ந்து செல்கின்றன. அணுக்கள் இடைவிடாமல் பெருகுவதால் இதற்கு ரத்தம் ஏராளமாக வேண்டும். ஆனால் அதைக் கொண்டுவரும் குழாய்களோ மெல்லிய சுவரும் போதிய தாங்கலில்லாத அமைப்பும் கொண்டவை. அந்த வேலை முடிந்ததும் மறையவேண்டியவை. 28 வாரத்துக்குப் பின் இந்தத் திசு வேகமாகச் சுருங்கும். 34 முதல் 36 வாரத்துக்குள் ஏறத்தாழ மறைந்துவிடும். நிறைமாதக் குழந்தைக்கு மூளை அறையில் ரத்தம் கசிந்தால் மருத்துவர்கள் வேறு இடத்தில் தேடுவதற்கு இதுவே காரணம்: நீரைச் சுரக்கும் பின்னலிலோ, சிரையில் ரத்தம் உறைந்து தாலமஸ் பகுதி சிதைந்ததிலோ. 25 வாரத்தில் பிறக்கும் குழந்தை, இந்தத் திசு அதன் முழு வளத்தில் இருக்கும்போதே கருப்பையின் காப்பை இழந்து வருகிறது.

1976இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையின் ஹேம்பிள்டனும் விகிள்ஸ்வொர்த்தும், இறந்த குறைமாதக் குழந்தைகளின் மூளைக் குழாய்களில் சாயக்கரைசலைச் செலுத்திப் பார்த்தார்கள். ஷ்வார்ட்ஸ் குற்றம் சாட்டிய பெரிய சிரை வெடித்திருக்கவில்லை. கசிவு முளைத்திசுவின் நுண்குழல்களில் தொடங்கியிருந்தது. தமனி வழியே அழுத்தம் ஏறியபோது அவை கிழிந்தன. 50 ஆண்டுக் கோட்பாடு சாய்ந்தது என்றே அன்று தோன்றியது. 1997இல் வேறொரு குழு நுண்ணோக்கியில் தேடி, கசிவின் மூலம் பெரும்பாலும் சிறு சிரைகளே என்று காட்டியது. ஷ்வார்ட்ஸ் சிரையைக் கவனித்ததில் முழுத் தவறு இல்லை. அதை வெடிக்கவைக்கும் கையை அவர் பிரசவத்தில் தேடியதே தவறு.

உயிரோடிருக்கும் மூளை கண்ணுக்குத் தெரிந்தபோது

1971 அக்டோபரில், விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவியில் முதல் நோயாளி படம் எடுக்கப்பட்டார். சில ஆண்டுகளில் இக்கருவி அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் பரவியது. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் லூ-ஆன் பேப்பில் என்ற குழந்தை மருத்துவரும் அவர் குழுவும் எளிய ஒரு முடிவு எடுத்தார்கள். நோய்க்குறி தெரியும் குழந்தைகளை மட்டும் பொறுக்காமல், 1,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்து வரும் ஒவ்வொரு குழந்தையையும் வரிசையாகப் படம் எடுப்பது. 46 குழந்தைகளில் 20 பேருக்கு ரத்தக்கசிவு இருந்தது. பிழைத்த 29 பேரில் 9 பேருக்குக் கசிவு. அந்த 9 பேரில் 7 பேருக்கு வெளியே எந்தக் குறியும் இல்லை.

1978இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வை இத்துறையின் திருப்புமுனை என்று சொல்லத் தயங்கமாட்டேன். அது வகுத்த 4 படிநிலைகள் இன்றும் நம்மூர்க் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தினசரிப் பேச்சு. முளைத்திசுவோடு நிற்கும் கசிவு முதல் நிலை. அறைக்குள் புகுந்தும் அறை விரியாதது இரண்டாம் நிலை. அறை விரிந்தது மூன்றாம் நிலை. மூளைத்திசுவிலும் ரத்தம் தெரிவது நான்காம் நிலை. படிநிலையைவிட என்னை அதிகம் அசைப்பது அந்த 7 குழந்தைகள். கூறாய்வு மேசைக்கு வராத, மருத்துவரின் கைக்கும் கண்ணுக்கும் எட்டாத கசிவு ஒன்று அத்தனை காலமும் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

சி.டி. கருவி பெரியது, கதிர்வீச்சு உடையது, ஒரு கிலோ எடையில்லாத குழந்தையை வென்டிலேட்டரோடு அங்கே தூக்கிச் செல்வதே ஆபத்து. 1979இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனைக் குழு, தொட்டிலின் ஓரத்திலேயே அல்ட்ராசவுண்ட் வைத்துக் குழந்தையின் மூளைச் சேதத்தைக் காட்டியது. விரைவில் எல்லா இடங்களிலும் உச்சிக்குழியே சன்னலானது. எலும்பு மூடாத அந்த மென்மையான இடத்தின் வழியே, குழந்தையை அசைக்காமல், நாளுக்கு ஒருமுறை பார்க்க முடிந்தது. மறுபடி மறுபடி பார்த்தபோதுதான் காலம் பிடிபட்டது. பிறந்த சில மணி நேரத்தில் சுத்தமாக இருந்த அறையில் மறுநாள் ரத்தம். ஏறத்தாழ பாதிக் கசிவுகள் முதல் நாளில். 10இல் 9 பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள். தாய் முக்கியது முடிந்து, தொப்புள்கொடி வெட்டியாகி, குழந்தை வார்டுக்கு வந்த பிறகு.

அப்படியானால் அந்த 72 மணி நேரத்தில் என்ன நடக்கிறது? 1979இலேயே கோபன்ஹேகனின் லூ, லாசன், ஃப்ரீஸ்-ஹான்சன் ஆகியோர் ஒரு விடை தந்தார்கள். ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தை ஒரே அளவில் வைக்கும் தன்னொழுங்கு நம் எல்லோருக்கும் உண்டு. மூச்சுத்திணறலில் தவிக்கும் பச்சிளங்குழந்தையிடம் அது செயலிழந்துவிடுகிறது. உடலின் அழுத்தம் எப்படி ஆடுகிறதோ அப்படியே மூளையின் மெல்லிய குழாய்களும் ஆடுகின்றன. செயின்ட் லூயிஸில் ஜோசப் வோல்ப்பியும் ஜெஃப்ரி பெர்ல்மனும் டாப்ளர் கருவியால் இந்த ஆட்டத்தை நேரில் அளந்தார்கள். வென்டிலேட்டரோடு குழந்தையின் சொந்த மூச்சு மோதும்போது ரத்த ஓட்டம் துடிப்புக்குத் துடிப்பு மாறியது. 1985இல் அவர்கள் இப்படி ஆட்டம் காட்டிய குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குத் தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்து ஓட்டத்தை நிலைப்படுத்தினார்கள். மருந்து பெறாத 10 பேருக்கும் கசிவு ஏற்பட்டது. பெற்ற 14 பேரில் 5 பேருக்கு மட்டும்.

அந்த மருந்து வழக்கமான சிகிச்சையாக நிலைக்கவில்லை. வென்டிலேட்டர்களே குழந்தையின் மூச்சோடு ஒத்துப்போகும்படி மாறின. ஆனால் வார்டின் பழக்கங்கள் மாறின. சோடியம் பைகார்பனேட்டையும் பிற திரவங்களையும் சட்டெனத் தள்ளாமல் மெதுவாக ஏற்றுவது, குழந்தையைத் தேவையின்றித் தொட்டுப் புரட்டாமல் இருப்பது, கார்பன் டைஆக்சைடு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வது. 1970களின் இறுதியில் 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் ஏறத்தாழ 40 சதவீதத்துக்கு மேல் காணப்பட்ட கசிவு, 1980களின் முடிவில் சுமார் 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு தனி மருந்தின் பெயரை இந்த இறக்கத்துக்குச் சொல்ல முடியாது. பெயரில்லாத செவிலியர்கள் பலரின் கைகள் மெதுவானதால் வந்த இறக்கம் இது.

வோல்ப்பியின் இன்னொரு பங்களிப்பையும் சொல்லவேண்டும். நான்காம் நிலையில் மூளைத்திசுவில் தெரியும் ரத்தம், அறையிலிருந்து பொங்கி வழிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1983இல் அவர் குழு வெளியிட்ட பி.இ.டி. படங்கள், ரத்தம் தெரியும் இடத்தைத் தாண்டியும் அந்தப் பக்க மூளை முழுவதிலும் ரத்த ஓட்டம் வெகுவாகக் குறைந்திருப்பதைக் காட்டின. முளைத்திசுவில் தேங்கிய ரத்தக்கட்டி சிரையை நெரிக்கிறது. வடியமுடியாத ரத்தம் திசுவை அழிக்கிறது. அழிந்த திசுவுக்குள் ரத்தம் கசிகிறது. நான்காம் நிலை என்பது மூன்றாம் நிலையின் முற்றிய வடிவமில்லை, வேறொரு நோய். இந்தக் குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் உடலின் ஒரு பக்கம் விறைப்பதற்கான விளக்கமும் இதிலேயே கிடைத்தது.

நுரையீரலுக்குக் கொடுத்த ஊசி

கசிவைக் குறைத்த மருந்துகளில் மிக வலியது, கசிவை நினைத்துக் கொடுக்கப்பட்டதே இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கிரஹாம் லிகின்ஸ், பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று அறிய ஆடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஸ்டீராய்டு பெற்றுக் குறைமாதத்தில் பிறந்த ஆட்டுக்குட்டி ஒன்று, அவர் எதிர்பார்த்ததற்கு மாறாக மூச்சு விட்டது. ராஸ் ஹவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து அதை 282 கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதித்து 1972இல் வெளியிட்டார். முதல் வார இறப்பு, பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு பெற்ற தாய்களின் குழந்தைகளில் 3.2 சதவீதம், பெறாதவர்களிடம் 15 சதவீதம். பிரசவத்துக்கு 24 மணி நேரம் முன்பாவது ஊசி பெற்ற தாய்களின் குழந்தைகளில் மூளை அறை ரத்தக்கசிவோடு இறந்தவர் ஒருவரும் இல்லை என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருந்தது.

அந்த வரி 20 ஆண்டுகளுக்கு மேல் போதிய கவனம் பெறாமல் கிடந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கருத்தொருமைக் கூட்டம் நடத்தி இதைப் பரவலாகக் கொடுக்கச் சொன்னது 1994இல். இடைப்பட்ட காலத்தில் ஊசி கிடைக்காமல் பிறந்த குழந்தைகளை நினைத்தால் மனம் கொதிக்கிறது. அறிவு இல்லாமல் இறப்பது ஒன்று; அச்சேறிய அறிவு அலமாரியில் இருக்க இறப்பது வேறு.

ஸ்டீராய்டு மூளையை எப்படிக் காக்கிறது என்பதை நியூயார்க்கில் பிரவீண் பல்லாப் குழுவின் ஆய்வுகள் விளக்கின. முளைத்திசுவில் புதிய குழாய்கள் மிகை வேகத்தில் துளிர்க்கின்றன; அவற்றைச் சுற்றிக் காப்பாக நிற்கவேண்டிய பெரிசைட் அணுக்கள் குறைவு. பிறப்புக்கு முன் கொடுக்கும் ஸ்டீராய்டு அந்தத் துளிர்ப்பைத் தணித்துக் காப்பணுக்களைக் கூட்டுகிறது. நுரையீரலுக்கு என்று கொடுத்தது, மூளையின் குழாய்களையும் நேரடியாகப் பக்குவப்படுத்தியிருக்கிறது.

இதற்கு எதிர்த்துருவத்தில் இண்டோமெத்தசின் நிற்கிறது. கசிவைத் தடுக்க என்றே கொடுக்கப்பட்டு, தடுக்கவும் செய்த மருந்து. 2001இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் 500 முதல் 999 கிராம் எடையுள்ள 1,202 குழந்தைகள் இடம்பெற்றார்கள். கடுமையான கசிவு 13 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் 18 மாதத்தில் பார்த்தபோது, இறந்தோ ஊனத்தோடோ இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 47 சதவீதம், பெறாதவர்களில் 46 சதவீதம். படம் தேறியது, குழந்தைக்கு மாற்றமில்லை. பெரியவர்களிடமும் இதே பாடம் கிடைத்தது. 2017இல் வெளியான ஆய்வில், அறைக்குள் வைத்த குழாய் வழியே ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிப்ளேஸ் 500 பேரில் ஒரு பாதிக்குக் கொடுக்கப்பட்டது. 6 மாதத்தில் இறப்பு 29 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. ஆனால் தன் காரியத்தை ஓரளவேனும் தானே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 48 சதவீதம், பெறாதவர்களில் 45 சதவீதம். அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவே.

ஆகவே விளைவு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். முதல் இரண்டு நிலைகளைப் பற்றிப் பெற்றோரிடம் ‘சின்னக் கசிவு, பயமில்லை’ என்று சொல்வது வழக்கம். 2013இல் அமெரிக்கக் கூட்டாய்வு ஒன்று, ஒன்றரை வயதில் இந்தக் குழந்தைகளுக்கும் கசிவே இல்லாதவர்களுக்கும் வேறுபாடு காணவில்லை. 2014இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் ஆய்வு வேறு கணக்குக் காட்டியது. நரம்பு, புலன் சார்ந்த குறைபாடு கசிவு இல்லாதவர்களில் சுமார் 12 சதவீதம், முதல் இரண்டு நிலைகளில் 22, மூன்றாம் நான்காம் நிலைகளில் 43. முளைத்திசு மூளையணுக்கள் பிறக்கும் இடம் என்பதை நினைவில் கொண்டால், அங்கே சிறிய கசிவும் விலை இல்லாமல் போகாது என்று எண்ண இடமிருக்கிறது. பெற்றோரை அச்சுறுத்தவேண்டியதில்லை, சில ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதனைக்கு வரச்சொல்வது கடமை.

முதல் சில நிமிடங்களும் ஒரு நெடும்பயணமும்

பிறப்பின் நொடி இக்கதையிலிருந்து முழுவதும் விலகிவிடவில்லை. தொப்புள்கொடியை உடனே வெட்டாமல் சற்றுப் பொறுப்பது குறைமாதக் குழந்தைக்கு நல்லது என்று தெரிந்தபின், பொறுக்க நேரமில்லாதபோது கொடியை விரல்களால் வழித்து ரத்தத்தைக் குழந்தைக்குள் தள்ளும் முறை பரவியது. 2019இல் வெளியான ஆய்வில், கொடி வழிக்கப்பட்ட குழந்தைகளில் 8 சதவீதம் பேருக்கும், பொறுத்து வெட்டப்பட்டவர்களில் 3 சதவீதம் பேருக்கும் கடுமையான கசிவு. 23 முதல் 27 வாரக் குழந்தைகளில் இது 22க்கு 6. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. சட்டெனப் பாயும் ரத்தத்தை முளைத்திசு தாங்காது என்று கோபன்ஹேகன் குழு சொன்னது 40 ஆண்டுக்குப் பின் பிரசவ அறையிலும் மெய்ப்பட்டது.

2020இல் உலகில் குறைமாதத்தில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 34 லட்சம். அவர்களில் சுமார் 30 லட்சம் பேர் இந்தியாவில். ஆகவே இது நம் பிரச்சினை. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம், 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவ வலி கண்ட தாய்க்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்க வழிகாட்டி வெளியிட்டது. 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேர இடைவெளியில் 4 ஊசிகள். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன் முதல் ஊசியைக் கிராம சுகாதாரச் செவிலியரே போடலாம் என்றும் அனுமதித்தது. 2020இல் இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளில் 2,852 தாய்களிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு, இந்த மலிவான ஊசி பச்சிளங்குழந்தை இறப்பை 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைப்பதைக் காட்டியது. பிறந்தபின் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றிக் குலுங்கக் குலுங்கக் கொண்டுசெல்வதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது மூளைக்குப் பாதுகாப்பு. அந்த 72 மணி நேரத்தில் குழந்தை பயணத்தில் இருக்கக்கூடாது. தாலுகா மருத்துவமனையில் அந்த முடிவை எடுக்கும் செவிலியரும் மருத்துவரும், எந்த ஸ்கேன் கருவியையும்விட முன்னால் நிற்கிறார்கள்.

தேங்கிய நீர்

கசிந்த ரத்தம் உறைந்து நீரின் வழியை அடைக்கும்போது அறைகள் விரிகின்றன, தலை பெருக்கிறது. இங்கே சிகிச்சையின் வரலாறு தோல்விகளால் நிறைந்தது. முதுகிலிருந்தும் அறையிலிருந்தும் முன்கூட்டியே நீரை எடுத்துப் பார்த்தார்கள். 157 குழந்தைகளிடம் நடந்த பிரிட்டிஷ் ஆய்வு 1990இல் அதனால் பயனில்லை என்றது. நீர்ச் சுரப்பைக் குறைக்க அசிட்டசோலமைடும் ஃபுரோசமைடும் கொடுத்துப் பார்த்தார்கள். 1998இல் அது தீங்கே செய்கிறது என்று தெரிந்து நிறுத்தினார்கள். கடைசியில் வயிற்றுக்கு நீரை வடிக்கும் ஷன்ட் குழாய். அது அடைபடும், கிருமி தொற்றும், வளர வளர மாற்றவேண்டும்.

பிரிஸ்டலில் ஆண்ட்ரூ வைட்லா வேறு வகையாக நினைத்தார். தேங்கிய நீர் மட்டுமே கேடு செய்கிறதா, அதில் ஊறிக்கிடக்கும் பழைய ரத்தமும் இரும்பும் அழற்சிப் பொருள்களும் மூளையை அரிக்கின்றனவா? இரண்டாவதே என்று கொண்டால் அறையைக் கழுவவேண்டும். ஒரு பக்கம் செயற்கை மூளைநீரை உள்ளே செலுத்தி, மறுபக்கம் வெளியே வடித்து, நீர் தெளியும்வரை பல மணி நேரம், சில நாட்கள்கூடத் தொடரும் கடினமான முறை அது. ஆய்வு 2006இல் பாதியில் நிறுத்தப்பட்டது. கழுவப்பட்ட குழந்தைகளில் 35 சதவீதம் பேருக்கு மறுபடியும் ரத்தம் கசிந்திருந்தது. மற்றவர்களில் 8 சதவீதம். ஷன்ட் தேவையும் குறையவில்லை. எந்தக் கண்கொண்டு பார்த்தாலும் தோல்வி.

வைட்லாவின் குழு அந்தக் குழந்தைகளைக் கைவிடவில்லை. 2 வயதில் சோதித்தபோது கடுமையான அறிவுக்குறைபாடு கழுவப்பட்டவர்களில் 31 சதவீதம், மற்றவர்களில் 59 சதவீதம். 10 வயதில் மீண்டும் தேடிச்சென்று சோதித்தார்கள். கடுமையான அறிவுக்குறைபாடு இல்லாமல் உயிரோடிருந்தவர்கள் கழுவப்பட்டவர்களில் 66 சதவீதம், மற்றவர்களில் 35 சதவீதம். 2006இல் ஆய்வை நிறுத்தியவர்கள் தம்மிடம் இருந்த எண்களை வைத்துச் சரியாகவே முடிவெடுத்தார்கள். பள்ளிக்குப் போகும் வயதில் குழந்தை என்ன செய்கிறது என்ற எண் மட்டும் அன்று அவர்களிடம் இல்லை. அதைப் பெற 10 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.